ஸ்காட்டிஷ் ஜூனியர் கோப்பை: ஒரு நாக்அவுட் பருவம் எப்படி நகர்கிறது?

ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவை செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு கிளாஸ்கோ அணிகள்தாம். அவற்றையும் சேர்த்து அந்நாட்டின் தொழில்முறை லீக்கில் நான்கு பிரிவுகளாக 42 அணிகள் ஆடுகின்றன. அந்த 42-க்கு வெளியே, சுரங்க ஊர்களிலும் துறைமுக ஊர்களிலும் நகரங்களின் தொழிலாளர் பகுதிகளிலுமாகப் பெருந்தொகையான கிளப்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகின்றன. லீக்கிற்கு வெளியே உள்ள இந்தக் கால்பந்து உலகின் பெரும் பரிசு ஸ்காட்டிஷ் ஜூனியர் கோப்பை. இதை நடத்தும் ஸ்காட்டிஷ் ஜூனியர் கால்பந்துச் சங்கம் 1886-இல் தொடங்கப்பட்டது. முதல் போட்டி 1886–87 பருவத்தில் நடந்தது. கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் பகுதியான கோவனைச் சேர்ந்த ஃபேர்ஃபீல்டு அணி அதை வென்றது. இந்தியாவின் டூரண்ட் கோப்பை தொடங்கியது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1888-இல். அதன் முதல் இறுதியாட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோப்பைக்காக ஆடும் பழக்கம் அந்நாட்டவரிடம் அப்போதே எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பது புரியும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. இங்கே ‘ஜூனியர்’ என்பது வயதைக் குறிப்பதன்று. இந்த அணிகளில் ஆடுபவர்கள் முழு வளர்ச்சி பெற்ற ஆண்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்த தடுப்பாட்டக்காரர்களையும், முன்பு தொழில்முறை லீக்கில் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர்களையும் சாதாரணமாகக் காணலாம். வாரநாள்களில் தச்சு வேலையோ மின்வேலையோ ஆசிரியப் பணியோ பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சி செய்து, சனிக்கிழமை ஆடும் பகுதிநேர வீரர்கள் இவர்கள். பெரிய கிளப்களின் அமைப்பு ஒருபுறமும் இவர்களுடைய சங்கம் மறுபுறமுமாக, தனித்தனி விதிகளோடும் பதிவுமுறைகளோடும் நெடுங்காலம் இயங்கின. அந்தப் பிரிவினையால்தான் இந்தப் பெயர் நிலைத்தது.

இனி நாக்அவுட் முறைக்கு வருவோம். லீக் என்றால் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டும். ஓர் ஆட்டத்தில் சறுக்கினாலும் அடுத்த வாரம் ஈடுகட்டிக்கொள்ளலாம். நாக்அவுட்டில் தோற்றவர் அன்றே வெளியேறுகிறார். ஜூனியர் கோப்பையில் பல பருவங்களில் ஏறத்தாழ 160 அணிகள் பங்கேற்றிருக்கின்றன. அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு மோதலும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. 160 அணிகளில் ஒன்று மட்டும் மிஞ்ச வேண்டுமானால் 159 அணிகள் வெளியேற வேண்டும். ஆகவே மொத்த மோதல்கள் 159. ஆனால் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை சரிபாதியாகக் குறைய வேண்டுமானால் அது 128, 64, 32, 16 என்ற வரிசையில் வந்து பொருந்த வேண்டும். 160 அந்த வரிசையில் இல்லாததால், முதல் சுற்றில் 64 அணிகளை மட்டும் 32 ஆட்டங்களில் மோதவிட்டு, மீதி 96 அணிகளை ஆடாமலேயே இரண்டாம் சுற்றுக்கு அனுப்பிவிடலாம். இப்படி ஆடாமல் முன்னேறுவதைத்தான் ‘பை’ என்கிறார்கள். 32 வெற்றியாளர்களும் 96 அணிகளும் சேர்ந்தால் 128. அதன்பின் கணக்கு தானாகவே சரியாகிவிடும். எத்தனை அணிகளுக்கு ‘பை’ என்பது ஆண்டுதோறும் எண்ணிக்கையைப் பொறுத்து மாறினாலும் அடிப்படை இதுதான்.

கோப்பையை வெல்ல விரும்பும் அணி, ஆக, ஏழு அல்லது எட்டு மோதல்களைத் தொடர்ச்சியாக வென்றாக வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பதை எண்களே சொல்லிவிடும். ஒவ்வொரு மோதலிலும் வெல்லும் வாய்ப்பு 70 விழுக்காடு உள்ள நல்ல அணியை எடுத்துக்கொள்வோம். ஏழு மோதல்களையும் அது வெல்லும் வாய்ப்பு சுமார் 8 விழுக்காடுதான். 80 விழுக்காடு வாய்ப்புள்ள மிக வலுவான அணிக்கும் கோப்பை கிட்டும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். லீக்கில் தொடர்ந்து முதலிடம் பிடிக்கும் அணிகள்கூடக் கோப்பைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். ஒரே அணி இந்தக் கோப்பையை மீண்டும் மீண்டும் வென்றால் அதை எவ்வளவு பெரிய சாதனையாகக் கருத வேண்டும் என்பதற்கும் இந்தக் கணக்கே சான்று.

யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. வலுவான அணிகளைத் தனித்தனியே பிரித்து வைத்து, அவை கடைசிவரை சந்திக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல பெரிய போட்டிகளில் உண்டு. ஜூனியர் கோப்பையின் மரபு திறந்த குலுக்கல். சென்ற ஆண்டு இறுதியாட்டத்தில் மோதிய இரு அணிகள் இந்த ஆண்டு தொடக்கச் சுற்றிலேயே எதிரெதிரே நிற்க நேரலாம். பத்துப் பேர் கூட வேடிக்கை பார்க்க வராத ஒரு சிறு அணிக்கு நாட்டின் முதன்மை அணி விருந்தாளியாக வந்து சேரலாம். முதலில் எடுக்கப்படும் பெயருக்கே சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை கிடைப்பதால், எந்த எதிரி என்பதைப் போலவே எந்த மைதானம் என்பதும் அதே நொடியில் முடிவாகிவிடுகிறது. இந்தக் கோப்பையின் உயிர் அந்தத் திறந்த குலுக்கலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தரவரிசைப்படி பிரித்துவிட்டால் ஆட்டங்களின் தரம் சற்றே உயரக்கூடும். ஆனால் ஒரு சிற்றூர் ஓர் இலையுதிர்காலம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சனிக்கிழமையை அது பறித்துவிடும்.

குலுக்கல் சிலரை நெடுந்தொலைவு பயணம் செய்யவும் வைக்கும். வாராந்திர லீக் ஆட்டங்கள் மேற்கு, கிழக்கு, வடக்கு என வட்டார அளவில் நடந்த காலத்தில், ஒரு வட்டாரத்து அணி இன்னொரு வட்டாரத்து அணியைச் சந்திக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இந்தக் கோப்பையில்தான் அமைந்தது. வடகிழக்கிலுள்ள அபர்தீனிலிருந்து தென்மேற்கிலுள்ள ஆக்கின்லெக்கிற்குச் சாலை வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர். வீரர்களும் நூறு ரசிகர்களும் இரண்டு பேருந்துகளில் இருட்டோடு புறப்பட்டு, தொண்ணூறு நிமிடம் ஆடிவிட்டு, இருட்டிலேயே ஊர் திரும்ப வேண்டும். மேற்குப் பகுதி அணிகளே பெரும்பாலும் கோலோச்சிய இந்தக் கோப்பை 1954-இல் சன்னிபேங்க், 1957-இல் பேங்க்ஸ் ஓ’டீ என்ற இரண்டு அபர்தீன் அணிகளிடம் சென்றது. அவற்றின் வெற்றியை மதிப்பிடும்போது அந்தப் பயணங்களையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆட்டம் சமனில் முடிந்தால் என்ன செய்வது? நெடுங்காலமாக இருந்து வந்த விடை, மறு ஆட்டம். முதலில் விருந்தாளியாக ஆடிய அணியின் மைதானத்தில் இரண்டாவது ஆட்டம் நடக்கும். அதுவும் சமனானால், காலத்துக்கேற்ப இன்னொரு மறு ஆட்டமோ பெனால்டி ஷூட்அவுட்டோ முடிவு சொல்லும். பெனால்டியில் உடனே முடித்துவிடுவது அட்டவணைக்கு வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் மறு ஆட்டம் சிறிய கிளப்புக்கு இரண்டு நன்மைகளைச் செய்தது: வலுவான அணியின் மைதானத்தில் தாக்குப்பிடித்து நின்றதற்குப் பரிசாக அந்த அணியைத் தன் ஊருக்கே வரவழைத்தது, அதோடு ஓர் ஆட்டத்தின் நுழைவுக் கட்டணத்தையும் கூடுதலாகத் தந்தது. வாயில் வசூலையும், மைதானத்து மூலையில் விற்கும் போவ்ரில் என்ற சூடான மாட்டிறைச்சிச் சாற்றையும், ஊர்க்காரர்களின் நன்கொடையையும் நம்பி நடக்கும் ஓர் அமைப்புக்கு அந்தத் தொகை அற்பமானதன்று.

பருவத்தின் போக்கைப் புரிந்துகொள்ள வானிலையையும் அறிந்திருக்க வேண்டும். தொடக்கச் சுற்றுகள் இலையுதிர்காலத்தில் நடக்கும். இறுதியாட்டம் பெரும்பாலும் மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். இடையில் கிடக்கிறது ஸ்காட்லாந்தின் குளிர்காலம். டிசம்பர் இறுதியில் கிளாஸ்கோ பகுதியில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பல ஜூனியர் மைதானங்களில் மின்விளக்குகள் இல்லாத காரணத்தால், குளிர்காலக் கோப்பை ஆட்டங்களை இரண்டு மணிக்கு முன்பாகவே தொடங்கிவிடுவது வழக்கமாயிற்று. பெரிய கிளப்களில் இருப்பதைப் போலப் புல்லுக்கு அடியில் மண்ணைச் சூடாக்கும் குழாய்களும் இங்கே கிடையாது. ஆகவே சனிக்கிழமை காலையில் நடுவர் மைதானத்திற்கு வந்து, உறைந்த மண்ணைக் காலால் அழுத்தியும், கோல் முனையில் தேங்கிய நீரில் பந்தை உருட்டியும் பார்த்து, ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்வார். இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை. அன்றும் உறைபனி என்றால் அதற்கடுத்தது. விளக்கு இல்லாததால் வாரநாள் மாலையில் வைத்து ஈடுகட்டவும் முடியாது. ஒரு கோப்பை ஆட்டம் இப்படித் தள்ளிப்போகும்போது அந்த அணியின் லீக் ஆட்டங்களும் சேர்ந்தே தள்ளிப்போகின்றன. கோப்பையில் வெகுதூரம் முன்னேறிய அணி, பொழுது நீளும் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள் ஆடித் தீர்க்க வேண்டிய நெருக்கடிக்குத் தள்ளப்படுவது இதன் விளைவு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆட வரும் மனிதர்கள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கோப்பையில் வென்றுகொண்டே போவதால் லீக் பட்டம் கைநழுவுவது இந்த உலகில் அடிக்கடி நடப்பதுதான்.

காலிறுதிக்குப் பிறகு ஏற்பாடுகள் மாறுகின்றன. அரையிறுதிகளை இரு அணிகளுக்கும் பொதுவான மைதானத்தில் நடத்துவது பழைய வழக்கம். பிற்காலப் பருவங்கள் சிலவற்றில் ஒவ்வோர் அணியின் மைதானத்திலும் ஒன்றாக இரண்டு ஆட்டங்கள் வைத்து, இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி முடிவு செய்திருக்கிறார்கள். இறுதியாட்டம் வழக்கமாகப் பெரிய கிளப் ஒன்றின் அரங்கில் நடக்கிறது. அண்மைக் காலத்தில் கில்மார்னக் அணியின் ரக்பி பார்க் அவ்வாறு பலமுறை பயன்பட்டது. பழைய நாள்களில் அந்தப் பெருமை கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கிற்கு உரியது.

ஹாம்ப்டனைக் குறிப்பிட்டுவிட்டு 1950–51 பருவத்தைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் பீட்டர்ஷில் அணியும் இர்வைன் மெடோ அணியும் மோதின. பீட்டர்ஷில், வடக்கு கிளாஸ்கோவில் ஸ்பிரிங்பர்ன் பகுதியைச் சேர்ந்தது. அக்காலத்தில் அப்பகுதியின் வாழ்வே ரயில் எஞ்சின் தொழிற்சாலைகளைச் சுற்றித்தான் சுழன்றது. இந்திய இருப்புப்பாதைகளில் ஓடிய நீராவி எஞ்சின்களில் பல அங்கே கட்டப்பட்டவை. இர்வைன், அயர்ஷயர் கடற்கரையிலுள்ள ஒரு பழைய துறைமுக ஊர். ஒரே ஒரு கோல் விழுந்த அந்த ஆட்டத்தில் பீட்டர்ஷில் 1–0 என வென்றது. அதைப் பார்க்க வந்தவர்கள் 77,650 பேர். இர்வைன் ஊரின் மொத்த மக்களையும் குழந்தைகள், முதியவர்கள் உட்பட அழைத்து வந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்பியிருக்க முடியும். தம் அணி ஆடாவிட்டாலும் கோப்பையின் இறுதியாட்டத்தைக் காண வேண்டும் என்பதற்காகவே வந்தவர்கள் அவ்வளவு பேர். வீடுகளில் தொலைக்காட்சி இல்லாத, போர் முடிந்து ஆலைகளில் வேலை நிறைந்திருந்த, சனிக்கிழமை மதியத்தோடு வேலை ஓய்ந்த காலம் அது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1959-இல், அதே இர்வைன் மெடோ அணி கோப்பையை வென்றபோதும் 65,211 பேர் வந்திருந்தனர். பின்னர் தொலைக்காட்சி பரவியது. சுரங்கங்களும் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கூட்டம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது.

அக்காலத்தில் ஜூனியர் கால்பந்துதான் பெரிய அணிகளுக்கு வீரர்களை வளர்த்துக் கொடுத்த நாற்றங்கால். 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டன் அணியான செல்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைவர் பில்லி மெக்நீல் பிளாண்டயர் விக்டோரியாவிலிருந்தும், ஜிம்மி ஜான்ஸ்டன் பிளாண்டயர் செல்டிக்கிலிருந்தும், பாபி மர்டாக் கேம்பஸ்லாங் ரேஞ்சர்ஸிலிருந்தும், இறுதியாட்டத்தில் கோல் அடித்த டாமி கெம்மல் கோல்ட்னஸ் யுனைடெட்டிலிருந்தும், பாபி லெனாக்ஸ் ஆர்டீர் ரெக்ரியேஷனிலிருந்தும் வந்தவர்கள். இவை அனைத்தும் ஜூனியர் கிளப்கள். அவர்களின் பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனும் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பிளாண்டயர் விக்டோரியாவுக்கு ஆடியவர்தான்.

இந்தக் கோப்பையை மிக அதிக முறை வென்ற அணி ஆக்கின்லெக் டால்பட். கிழக்கு அயர்ஷயரில் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஆக்கின்லெக் ஊரின் அணி இது, 1909-இல் தொடங்கப்பட்டது, டால்பட் பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கியது. ஊருக்கு அருகிலிருந்த பேரனி நிலக்கரிச் சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய இரும்புக் கோபுரம் மட்டும் நினைவுச் சின்னமாக இன்றும் நிற்கிறது. மூன்று கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் கம்னக் ஊரின் அணியோடு இவர்களுக்கு உள்ள பகை, சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. மேலே சொன்ன வாய்ப்புக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்: இந்த அணி 1986, 1987, 1988 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கோப்பையை வென்றது; மொத்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட முறை வென்றிருக்கிறது. சுரங்கம் போன பிறகு ஊரை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் அமைப்பாக அணி மாறிவிட்டது என்பதே இதற்கு நான் காணும் முதன்மையான காரணம். நல்ல வீரர்கள் சற்றுக் கூடுதலான பணத்துக்காக வேறிடம் போகாமல் அங்கேயே ஆண்டுக்கணக்கில் ஆடுவதை வேறெப்படி விளக்குவது?

கோப்பையை வெல்வதற்கு இப்போது இன்னொரு பயனும் உண்டு. செல்டிக், ரேஞ்சர்ஸ் உள்ளிட்ட பெரிய அணிகள் ஆடும் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஜூனியர் அணிகளுக்கு நெடுங்காலம் இடம் தரப்படவில்லை. 2007–08 பருவம் முதல் ஜூனியர் கோப்பையை வென்ற அணிக்கும் வட்டார லீக்குகளின் முதலிடம் பெற்ற அணிகளுக்கும் அந்தக் கதவு திறந்தது. 2009–10 பருவத்தில் இர்வைன் மெடோ, தொழில்முறை லீக் அணியான ஆர்ப்ரோத்தை 1–0 என வீழ்த்தி, அடுத்த சுற்றில் எடின்பரோவின் ஹைபர்னியன் அணியோடு மோதும் அளவுக்குச் சென்றது. 2018-இல் ஜூனியர் கோப்பையை வென்று ஸ்காட்டிஷ் கோப்பைக்குள் நுழைந்த ஆக்கின்லெக் டால்பட், 2019 ஜனவரியில், இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அயர் யுனைடெட் அணியைத் தன் சொந்த மைதானமான பீச்வுட் பார்க்கில் சந்தித்தது. இரண்டும் ஒரே மாவட்டத்து அணிகள். ஆனால் ஒன்று முழுநேரத் தொழில்முறை உலகின் விளிம்பில் நிற்பது, மற்றது மாலைப் பயிற்சியை நம்பியிருப்பது. ஆட்டம் முடிவை நெருங்கும் வேளையில் கிரெய்க் மெக்ராக்கன் தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் டால்பட் வென்றது. அடுத்த சுற்றில் ஹார்ட்ஸ் அணியிடம் 4–0 எனத் தோற்றாலும், அதே பருவத்தில் ஜூனியர் கோப்பையை மீண்டும் கைப்பற்றியது.

இன்றைய நிலை சற்றுச் சிக்கலானது. லீக்கின் கடைசிப் பிரிவிலிருந்து கீழே இறங்கவும், கீழிருந்து அதற்குள் ஏறவும் 2015-இல் வழி திறக்கப்பட்டபின், லீக்கை நோக்கி ஏற விரும்பிய ஜூனியர் கிளப்கள் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஃபைஃப் மாவட்டத்துச் சுரங்க ஊரான கெல்டியின் அணி, கெல்டி ஹார்ட்ஸ், 2007-இல் ஜூனியர் கோப்பையின் இறுதியாட்டத்தில் லின்லித்கோ ரோஸ் அணியிடம் தோற்றது. பத்தாண்டுகள் கழித்து அது ஜூனியர் சங்கத்தை விட்டு வெளியேறி, 2021-இல் தொழில்முறை லீக்கிற்குள் நுழைந்தது. 2018-இல் கிழக்குப் பகுதி கிளப்கள் பல அதே வழியில் சென்றன. வெளியேறியவர்கள் தம் பாட்டனார் காலத்திலிருந்து ஆடிவந்த கோப்பையையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. 2020-இல் மேற்குப் பகுதி கிளப்கள் புதிய லீக் அமைத்துக்கொண்டு அதே ஏணியில் சேர்ந்தபோது, ஜூனியர் சங்க உறுப்பினர் உரிமையையும் வைத்துக்கொண்டதால் கோப்பை பிழைத்தது. அந்தப் புதிய லீக்கில் ஆடும் டார்வல் என்ற சிற்றூர் அணிதான் 2023 ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில், ஒரு காலத்தில் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையையே (கப் வின்னர்ஸ் கப்) வென்ற அபர்தீனை 1–0 என வெளியேற்றியது. ஏற்றத்துக்கு வழியும் வேண்டும், பழைய கோப்பையும் வேண்டும் என்ற மேற்குப் பகுதியினரின் முடிவையே நான் சரியானதாகக் கருதுகிறேன்.

ஒரு பருவத்தைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர விரும்புபவர், லீக் அட்டவணையைப் பார்க்கும் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். இலையுதிர்காலத்தில் முதல் குலுக்கலின் பட்டியலை எடுத்து, பெயர் தெரியாத ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டு, அது வெளியேறும்வரை அதையே கவனியுங்கள்; அது தோற்றால் அதைத் தோற்கடித்த அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் முடிவுகளைவிட ஒத்திவைக்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியல் நீளமாக இருந்தால் வியப்படைய வேண்டாம். இறுதியாட்டத்தைப் பல ஆண்டுகளாக பிபிசி ஆல்பா என்ற கேலிக் மொழித் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பி வந்திருக்கிறது; வருணனை புரியாவிட்டாலும் ஆட்டம் புரியும், இரண்டு ஊர்களும் தம் கொடிகளோடு எந்தெந்தப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன என்பதும் தெளிவாகவே தெரியும்.